புற்றைச் சுற்றி ஒரு கருங்கல் வளைவு

சோழர் காலக் கோயில் சுவர்களில் எத்தனையோ பேர் பெயரோடு இருக்கிறார்கள். மெய்க்கீர்த்தியோடு அரசன் இருக்கிறான். விளக்கு எரிக்க ஆடு விட்ட வணிகன் இருக்கிறான். அந்த ஆட்டை ஏற்றுக்கொண்ட மன்றாடியும், நந்தவனம் வைத்த அதிகாரியும் இருக்கிறார்கள். கல்லை அளந்து, வெட்டி, அடுக்கியவன் பெயரைத்தான் தேடித் தேடிப் பார்க்க வேண்டும். அப்படித் தேடுகிறவர்களுக்குத் திருவொற்றியூர் ஓர் அரிய ஊர். அங்குள்ள தியாகராஜ சுவாமி கோயிலின் மூலக் கருவறையான ஆதிபுரீசுவரர் சன்னதி, முதலாம் ராஜேந்திர சோழன் (1012–1044) காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. அதன் அடிப்பகுதியில் வடமொழியிலும் தமிழிலும் வெட்டப்பட்ட வாசகங்களில் மூன்று பேர் வருகிறார்கள்: நாட்டை ஆண்ட ராஜேந்திரன், பணியை முன்னின்று நடத்திய சதுரானன பண்டிதர், கட்டி முடித்த ரவி. ரவிக்கு வீரசோழத் தச்சன் என்ற பட்டமும் உண்டு. மூன்று நிலை விமானத்தைக் கரிய கல்லால் அவன் எடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது.

ரவி கட்டிய கருவறையின் முன்பக்கம் நேர்சுவர். பின்பக்கம் அரைவட்டமாக வளைகிறது. சிற்ப நூல்கள் இதைக் கஜபிருஷ்டம் என்கின்றன. தமிழில் தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையைப் பின்புறமிருந்து பார்த்தால் தெரியும் முதுகின் வடிவம். இந்த வளைவு எங்கிருந்து வந்தது, கோயில் கல்லுக்கு மாறியபோதும் அதை ஏன் நேராக்கவில்லை, அதற்குப் பின்னால் யாரெல்லாம் நின்றார்கள் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மூன்றுக்கும் ஓரளவு விடை அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

சென்னையின் வயதை 1639-லிருந்து எண்ணுவது வழக்கமாகிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்த ஆண்டு அது. அன்றைக்கே ரவியின் சுவருக்கு ஏறத்தாழ 600 வயது. வடசென்னை என்றதும் துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், வரிசையாய் நிற்கும் கன்டெய்னர் லாரி என்று மட்டுமே நினைக்கிறவர்கள் அதிகம். அந்தப் பகுதி மக்கள் சுமக்கும் புகையும் தூசியும் உண்மைதான். ஆனால் இன்றைய மாநகர எல்லைக்குள் மிகப் பெரிய கல்வெட்டுக் களஞ்சியங்களில் ஒன்று அதே எண்ணூர் சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இங்கே படியெடுக்கப்பட்டிருக்கின்றன. பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர், சம்புவராயர், விஜயநகரத்தார் என்று ஆட்சிகள் மாறின, வெட்டுவது நிற்கவில்லை. சோழர் கால முகவரிப்படி இது ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழற்கோட்டத்துத் திருவொற்றியூர். இன்று எண்ணெய்க் குழாய்களால் அறியப்படும் பக்கத்து மணலி, இந்தக் கல்வெட்டுகளில் சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரோடு வருகிறது. பல்லவ சிம்மவிஷ்ணுவின் நினைவு அந்தப் பெயரில் நின்றிருந்தது.

கருங்கல் வருவதற்கு முன்பே இங்கே கோயில் இருந்தது. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. சுந்தரரோ இந்த ஊரில் மணம் செய்துகொண்டவர். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்த கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

மூலவர் லிங்கம் புற்று மண்ணால் ஆனது என்பது மரபு. புற்றிடங்கொண்டார், படம்பக்கநாதர் என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் அந்தத் திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே திறக்கிறார்கள். அப்போது சார்த்துவது புனுகும் சாம்பிராணித் தைலமும்தான். மண் திருமேனிக்குத் தண்ணீர் அபிஷேகம் ஆகாது அல்லவா? கட்டடத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வழிபாட்டு முறை மிக முக்கியம். கல் லிங்கமானால் பெயர்த்து வைத்துவிட்டு, கருவறையை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டலாம். புற்றைப் பெயர்க்க முடியாது. திருப்பணிக் காலத்தில் இறைவனின் ஆற்றலைப் பாலாலயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மண் திருமேனி இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தத் தலைமுறை கட்டினாலும் அதைச் சுற்றியேதான் கட்டியாக வேண்டும்.

இப்போது தரையைப் பார்க்க வேண்டும். கல்வெட்டுத் துறையினர் 1912-ல் இந்தக் கோயிலில் விரிவாகப் படியெடுத்தார்கள். அந்தப் பதிவுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. அபராஜித பல்லவன், கம்பவர்மன், முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த பழைய கல்வெட்டுகளில் பல, கருவறையைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் தரையில் பதித்த தனிப் பலகைக் கற்களில் கிடைத்திருக்கின்றன. ராஜேந்திரன் காலம் வந்ததும் எழுத்து கருவறையின் அடிப்பகுதிக்கே ஏறிவிடுகிறது. இந்த இடமாற்றம் ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்கிறது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் கொடைகளைப் பொறிக்கக் கருவறையில் கல் சுவர் இருந்திருந்தால், அதை விட்டுத் தனிக் கற்களைத் தேடியிருக்க மாட்டார்கள். அப்போதைய கருவறை செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாகவே இருந்திருக்க வேண்டும். அதனால் ஆவணங்கள் பலகைக் கற்களில் தனியே நின்றன. ரவி கல்லால் கட்டியபோது எழுதுவதற்குச் சுவர் கிடைத்தது. பழைய பலகைகள் தரைக்குப் போயின. தரையில் போட்டார்களே என்று நாம் வருந்தலாம். ஆனால் உடைத்து அடித்தளத்தில் கொட்டிவிடாமல் பாவி வைத்ததால்தான் அவை 1912 வரை பிழைத்துக் கிடந்தன.

இந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய சதுரானன பண்டிதர் யார்? அதைச் சொல்ல ஒரு போர்க்களத்துக்குப் போக வேண்டும்.

949-ல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் சோழர் படையும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் மோதின. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். பிற்காலச் சோழ ஆவணங்கள் அவனை ஆனைமேல் துஞ்சினவன் என்றே குறிக்கின்றன. தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. திருவொற்றியூரிலும் கன்னரதேவன் பெயரால், அதாவது மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைச் சொல்லிக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. அவற்றில் ஒன்று, அவனுடைய 20-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டு, நம் நாட்டுக் கல்வெட்டுகளிலேயே நெஞ்சைத் தொடும் ஒன்று. வே. ராகவன் அதை எபிகிராபியா இண்டிகாவின் 27-ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

அதன் நாயகன் கேரளத்தில் பிறந்த வல்லபன். இளமையிலேயே கலைகளைக் கற்றுச் சோழ நாட்டுக்கு வந்து, ராஜாதித்தனுக்கு நெருங்கியவனானவன். தலைவன் களத்தில் விழுந்தபோது தான் உடனிருந்து உயிர்விட முடியவில்லையே என்ற வெட்கம் அவனைத் தின்றது. கங்கைக்குப் போய் நீராடினான். உலக வாழ்வைத் துறந்தான். திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றான். சதுரானனன் என்ற பெயரோடு மடத்தின் தலைமையையும் ஏற்றான். தான் பிறந்த அவிட்ட நாளில் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிஷ்கம் பொன் கொடுத்ததைப் பதிவு செய்யவே இந்தக் கல்வெட்டு எழுந்தது. தென்னார்க்காட்டுக் கிராமம் என்னும் ஊரில் 943-ஐ ஒட்டிக் கற்றளி எடுத்த ராஜாதித்தனின் மலையாளப் படைத்தலைவன் வெள்ளங்குமரனும் இவனும் ஒருவரே என்பது ஆய்வாளர்கள் சிலரின் முடிவு. அதை ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. தோற்ற படையின் வீரன் ஒருவன், வென்ற அரசனின் ஆட்சியாண்டைப் பொறித்த கல்லில், செத்துப்போன தன் தலைவனைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்திருக்கிறான். ராஷ்டிரகூட அதிகாரம் அதைத் தடுக்கவில்லை. அந்த மடத்துக்கு ஊரில் இருந்த மதிப்புக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அதன்பின் சதுரானன பண்டிதர் என்பது மடத் தலைவர்களுக்கு வழிவழியாக வரும் பெயராகிவிட்டது. ராஜேந்திரன் காலத்தில் ரவியை வைத்துக் கருங்கல் விமானம் எடுத்தவர் அந்த வரிசையில் பின்னால் வந்தவர். தக்கோலத்துக்கும் அவருக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. தோற்ற சோழர்கள் கங்கைக் கரைக்கும் கடாரத்துக்கும் படை அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ராஷ்டிரகூடரின் பழைய தலைநகரான மண்ணைக் கடக்கத்தை வென்றது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் பெருமையோடு பேசப்படுகிறது. மண்ணைகொண்ட சோழன் என்ற பெயரில் ஒரு மண்டபம் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் வருகிறது. ராஜாதித்தனை இழந்த துக்கத்தில் வளர்ந்த மடம் இருந்த ஊரில் அந்தப் பெயரை வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனிக் கட்டடம். கருங்கல்லில் நேர்சுவர் எழுப்புவது ஒரு வேலை; வளைவுச் சுவர் எழுப்புவது முற்றிலும் வேறு வேலை. செங்கல்லில் வளைவு எளிது. சிறிய கற்கள், இடையே சுண்ணாம்புச் சாந்து, ஒவ்வொரு கல்லையும் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும், மேலே பூசும் சுதை மிச்சத்தைச் சரிசெய்துவிடும். சோழர் காலக் கற்றளிகளில் சாந்தை நம்பிக் கல் அடுக்குவதில்லை. கல் கல்லின் மேல் தன் எடையாலேயே உட்கார வேண்டும். வளைவில் வரும் ஒவ்வொரு கல்லுக்கும் வெளிமுகம் குவிந்திருக்க வேண்டும். இரு பக்கமும் வட்டத்தின் மையத்தை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் கல்லோடு இம்மி பிசகினாலும் இடைவெளி வாயைப் பிளக்கும்.

அதிலும் அடித்தளம்தான் தச்சனின் கையைச் சோதிக்கும் இடம். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வரிகளில் குமுதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உருட்டுக் குமுதம் மேலிருந்து கீழாகவே ஒரு முறை வளைகிறது. தூங்கானை மாடத்தில் அது பின்பக்கம் திரும்பும்போது பக்கவாட்டிலும் வளைய வேண்டும். இரண்டு திசையிலும் வளையும் அந்தப் பரப்பை, பல துண்டுக் கற்களில் தனித்தனியே உளியால் எடுத்து, சேரும் இடத்தில் ஒரே கல் போலத் தொடரச் செய்ய வேண்டும். அதற்கு மேலே அரைத்தூண்கள், கோட்டங்கள், கபோதம், கூடு, யாளி வரி என எல்லாமே அந்த வளைவைப் பின்பற்றியே போக வேண்டும். உச்சியில் சிகரமும் சதுரமாகவோ உருண்டையாகவோ முடியாது; முன்பக்கம் நாசிகை முகமும், பின்பக்கம் யானை முதுகுமாக நீள்கிறது. ஒற்றைக் கலசத்துக்குப் பதிலாக அந்த முதுகின் நெடுகக் கலசங்கள் வரிசையாக அமைவது இந்த வகை விமானத்தின் மரபு. கருவறையை வலம் வருகிறவருக்குச் சதுரக் கோயிலில் கிடைக்கும் மூலை இங்கே பின்பக்கம் கிடைக்காது. தென்சுவர் எங்கே முடிந்தது, வடசுவர் எங்கே தொடங்கியது என்று தெரியாமலே சுற்றி வந்துவிடலாம். கல்வெட்டைப் படிக்க நிற்கிறவர்தான் ஒவ்வொரு அடிக்கும் தன் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கடற்கரையில் கல்லும் கிடையாது. எண்ணூர் வரை மணலும் கழிமுகமும்தான். சென்னையை ஒட்டிய கருங்கல் குன்றுகள் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்கின்றன. அங்குள்ள நீலங்கலந்த கரிய பாறைக்கு 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தப் பக்கத்துக் கல்லில் செய்யப்பட்டது என்பதால் வந்த பெயர். எந்தக் குன்றிலிருந்து கொண்டுவந்தாலும், ஆற்றையும் மணலையும் தாண்டித்தான் ரவியின் கல் ஒற்றியூருக்கு வந்து சேர்ந்திருக்கும். கரிய கல் என்று கல்வெட்டு எடுத்துச் சொன்னதற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலையடிவார ஊரில் இருப்பவர் கல்லைப் பெரிதாகப் பேசமாட்டார்.

இத்தனை சிரமப்பட்டு வளைவை ஏன் காப்பாற்ற வேண்டும்? சதுரமாகக் கட்டியிருந்தால் வேலையும் செலவும் குறைந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்து, வானுயர்ந்த சதுர விமானமே சோழப் பேரரசின் அடையாளமாக ஆகிவிட்ட காலம் அது. ராஜேந்திரன் தன் புதிய தலைநகரில் எடுத்ததும் சதுர அடித்தளத்தின் மேல்தான். அரசனின் ரசனையைப் பின்பற்ற நினைத்திருந்தால் ஒற்றியூரும் அந்த வழியில் போயிருக்கும்.

விடை தொண்டை மண்டலத்தின் பழக்கத்தில் இருக்கிறது. அந்த மண்டலத்தின் வட கோடியில், இன்றைய ஆந்திரத்தில் உள்ள குடிமல்லத்தில், உலகின் மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று இருக்கும் கோயில் தூங்கானை வடிவம். 1970-களில் நடந்த அகழாய்வில் அதன் அடியிலும் அதே வடிவில் பழைய செங்கல் கட்டுமானம் கிடைத்தது. 7-ஆம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் பெயரால் கூரத்தில் எடுத்த கோயில் அதே வடிவம். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தை ஒரே பாறையில் வளைத்து எடுத்த சிற்பி, பக்கத்திலேயே ஒரு யானையையும் செதுக்கி வைத்தான். இரண்டின் முதுகையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுப்போனதைப் போல அது நிற்கிறது. அபராஜிதன் காலத்துத் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலும் இந்த வடிவம்தான். சென்னையைச் சுற்றி மட்டும் பாடி, திருமுல்லைவாயில், திருசூலம், மாடம்பாக்கம், சோமங்கலம், மணிமங்கலம் என்று பட்டியல் நீள்கிறது. காவிரிக் கரையில் இந்த அடர்த்தி இல்லை. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், கார்லே, பாஜா குகைகளில் பௌத்தச் சைத்தியங்களின் உள்வெளி இதே வளைவுதான். குண்டூர்ப் பக்கத்துச் சேஜர்லாவின் கபோதேசுவரர் கோயிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரமும் ஓலையும் கொண்டு கட்டிய ஆதிக் கூடங்களின் வடிவத்தைப் பௌத்தரும் சைவரும் வைணவரும் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சமயத்துக்கும் அது தனிச் சொத்தல்ல.

அப்படியானால், செங்கல் கோயிலின் வளைவைச் சதுரானன பண்டிதரும் ரவியும் மாற்றாமல் விட்டது பழமைப் பிடிப்பால் மட்டும் நடந்ததல்ல. புற்று நகராது; புற்றைச் சுற்றிய வலப்பாதை நகராது; பாடல் பெற்ற தலத்தின் அளவும் அமைதியும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டவை. கட்டுமானப் பொருளை மாற்றலாம், உருவத்தை மாற்றக்கூடாது என்பது அவர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கான விலையை உளி பிடித்தவர்கள் உழைப்பால் கொடுத்தார்கள். கல்வெட்டில் ரவியின் பெயர் வந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. தஞ்சைப் பெரிய கோயிலிலும் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது பேரரசனின் கோயில். அவனைச் சார்ந்த எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஒற்றியூரில் ஒரு மடம் தன் தச்சனின் பெயரை மறக்காமல் வடமொழியிலும் பாடி வைத்தது.

தச்சர்களின் இந்தக் கைத்திறன் சமய எல்லைக்குள் அடங்கி இருக்கவில்லை. தெற்கே கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல்லுப்பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதே அடித்தள வரிகள், அதே கல்தூண்கள், அதே பூமொட்டுப் போதிகைகள். உருவங்கள் மட்டும் இல்லை, அவற்றின் இடத்தில் கொடியும் பூவும் சதுரக் கட்டங்களும். கோயிலுக்குப் போதிகை செதுக்கிய மரபே தொழுகைக் கூடத்துக்கும் செதுக்கியது. தமிழ்க் கடற்கரையின் கட்டடக் கலையை எழுதுகிறவர்கள் கோயிலைத் தனி அத்தியாயமாகவும் பள்ளிவாசலைத் தனி அத்தியாயமாகவும் பிரித்துவிடுகிறார்கள். தச்சர்களின் பக்கமிருந்து எழுதினால் இரண்டும் ஒரே அத்தியாயம்.

ரவியின் சுவர் எழுந்த பிறகு கோயில் ஓர் ஊரின் வாழ்க்கை முழுவதையும் இழுத்துக்கொண்டது. ஆரியதேசத்து மேகலாபுரத்தைச் சேர்ந்த பிரபாகர பட்டர் என்பவரின் மனைவி ஆரியம்மை இங்கே ராஜேந்திரசோழன் மடம் என்ற ஒன்றைக் கட்டி, அதற்கு நிலமும் ஏற்பாடு செய்தார். வடக்கேயிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருவர், சோழ அரசன் பெயரால், தமிழ்க் கடற்கரையில் மடம் வைத்திருக்கிறார். வீரராஜேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு, திருப்பதியம் பாடவும் திருவெம்பாவை ஓதவும் தேவரடியார்களுக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. ராஜேந்திரனின் பிறந்த நாள் மார்கழித் திருவாதிரை என்று வரலாற்றாசிரியர்கள் நீண்ட காலம் எழுதிவந்ததற்கும் ஒற்றியூர்க் கல்வெட்டு ஒன்றே ஆதாரம். திருவாரூர்க் கல்வெட்டு பின்னர் ஆடித் திருவாதிரையைத் தெளிவாகச் சொன்னதும் அந்த முடிவு திருத்தப்பட்டது. இன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டாடப்படுவது ஆடித் திருவாதிரைதான்.

விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்குள்ள கொடைகளில் பெரும்பகுதி நந்தா விளக்குக்கானவை. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. சாவா மூவாப் பேராடு. அவை பெருகினாலும் குறைந்தாலும் கோயில் கணக்கில் அதே எண்ணிக்கை. ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்தக் கணக்குகளைப் படித்துவிட்டுச் சேக்கிழாரின் கலியநாயனார் வரலாற்றைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. கலியர் இந்த ஊர்ச் செக்கார். கோயிலுக்கு விளக்கெரித்தே செல்வம் இழந்தவர். கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தன் ரத்தத்தையே வார்க்கக் கழுத்தை அரியத் துணிந்தவர். நூற்றுக்கணக்கில் ஆடு விட முடிந்தவர்கள் கல்லில் ஏறினார்கள். செக்காட்டிக் கூலி வாங்கி விளக்கேற்றியவரைக் காவியம்தான் காப்பாற்றியது.

சேக்கிழார் பெரியபுராணம் பாடிச் சில பத்தாண்டுகளே ஆன நிலையில், இரண்டாம் ராஜாதிராஜனின் 9-ஆம் ஆட்சியாண்டில், இங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. பங்குனித் திருவிழாவில் அரசன் நேரில் வந்து அமர்ந்து ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணத்தை, அதாவது சுந்தரர் கதையைக் கேட்டான். மடத்தின் சதுரானன பண்டிதரும், சோம சித்தாந்தம் விரித்துரைக்கும் வாகீச பண்டிதரும் உடன் இருந்தார்கள். காவியத்தின் ஒரு பகுதி நடந்ததாகச் சொல்லப்படும் அதே ஊரில், அந்தக் காவியத்தின் காலத்துக்கு இவ்வளவு அருகில், அரசனே உட்கார்ந்து கேட்டதற்குக் கல்லில் சாட்சி கிடைப்பது எத்தனை இலக்கியங்களுக்கு வாய்க்கும்? வியாகரணம் கற்பிக்கவும் இங்கே தனி மண்டபம் இருந்தது. பாணினிக்கு இறைவன் இலக்கணம் அருளிய இடம் இது என்று ஊர் நம்பியது. எழுத்தறியும் பெருமான் என்ற பெயரும் இந்த இறைவனுக்கு உண்டு. அரசன் அனுப்பிய வரி ஓலையில், எழுதியவனுக்கே தெரியாமல், ஒற்றியூர் நீங்கலாக என்று வரிகளுக்கு இடையில் எழுதிவைத்தவராம்.

14-ஆம் நூற்றாண்டில் அதே வியாகரண மண்டபத்தில் ஒரு வழக்கைத் தீர்க்கக் கூட்டம் கூடியது. பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்ற மூன்று பிரிவினருக்குள் எந்தப் பணியை யார் செய்வது, எந்தச் சன்னதியில் யார் பாடுவது ஆடுவது என்ற தகராறு. ராஜநாராயண சம்புவராயன் காலத்தில் ஒருமுறை பேசித் தீர்த்தும், விஜயநகரக் கம்பண உடையார் காலத்தில் மறுபடி எழுந்தது. பெண்கள் வேலையை நிறுத்தி, தங்கள் உரிமைக்காக நின்று, அரசு அதிகாரிகளையே ஊருக்கு வரவைத்த நிகழ்ச்சி இது. பின்னாளில் ஆலைகளும் தொழிற்சங்கங்களும் நிறைந்த இந்தப் பகுதியின் உழைப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேவாரத்தில் ஒற்றியூர் கடற்கரை ஊர். இப்போதும் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடல். 1876-ல் சென்னைத் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. வீடுகளும் தெருக்களும் போயின. பாறைகளைக் கொட்டியும் தடுப்புச் சுவர் நீட்டியும் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தெற்குச் சென்னைக்குக் கிடைத்த அழகான கடற்கரைக்கு வடசென்னை தன் நிலத்தைக் கொடுத்திருக்கிறது. உப்புக் காற்றும் ஆலைப் புகையும் கலந்த காற்றில் 1,000 ஆண்டுக் கல் எப்படித் தேய்கிறது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் தரையை உயர்த்தி அடித்தள வரிகளைப் புதைத்தார்கள். மணல் பீய்ச்சி எழுத்தைத் தேய்த்தார்கள். கல்வெட்டின் மேலேயே மின்கம்பிக்கு ஆணி அடித்தார்கள். ஒற்றியூரில் 1912-ல் பதிவான தாழ்வாரத் தரைக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடி, எண்ணோடு பொருத்தி, ஒளிப்படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து ஒரு முழுக் கணக்கு எடுக்க வேண்டும். பல்லவர் காலச் செங்கல் கோயிலுக்கு எஞ்சியிருக்கும் கண்கண்ட சாட்சி அந்தக் கற்கள்தான். அடுத்த குடமுழுக்கு வேலைக்கான ஒப்பந்தப் புள்ளியில் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்தால் ஆகும் செலவு, ஒரு புதிய சுதைச் சிற்பத்துக்கு ஆகும் செலவுக்கு மேல் போகாது.